பாதிக் கேள்வியில் போய்வருகிறவள்

ஜூன் 11, செவ்வாய்

காலையில் ப்ரியாவுக்கு எண்ணெய் வைத்துப் பின்னிக்கொண்டிருந்தேன். அவள் அம்மா செல்வராணி ஆறு மணிக்கே இறால் கம்பெனி பஸ் ஏறிவிடுவதால் மகளின் சடை என் இலாகா. இரண்டு சடையும் ஒரே உயரத்தில் அமைந்ததாகச் சரித்திரம் இல்லை.

“இரும்புக் கப்பல் ஏம்ப்பா...” என்றவள் நின்றுவிட்டாள். கண் திறந்திருக்கிறது, ஆள் இல்லை. கூப்பிட்டேன், உலுக்கினேன். பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி, “...முங்க மாட்டேங்கு?” என்றாள்.

மீதிக் கேள்வியை அதுவரை யார் பிடித்து வைத்திருந்தது? பயத்துக்கு நடுவிலும் அதுதான் ஓடுகிறது. எனக்கெல்லாம் எதிராளி தும்மினாலே பேச்சு மறந்துவிடும்.

கொஞ்ச நாளாகவே இப்படி அடிக்கடி வருகிறது என்று சாயங்காலம் குழந்தை டாக்டரிடம் காட்டினோம். பாளையங்கோட்டையில் மூளை நரம்பு டாக்டருக்கு எழுதிக் கொடுத்தார். 20ஆம் தேதி. அதற்குள் இப்படி ஆகும்போது ஒரு வீடியோ எடுத்து வைக்கணுமாம்.

ஜூன் 14, வெள்ளி

நேற்றைய வீடியோவில் என் கட்டைவிரல் மட்டும். இன்று நான் பட்டனை அமுக்குவதற்குள் பிள்ளை திரும்பி வந்துவிட்டாள். வந்தவள் போனைப் பார்த்து அழகாகச் சிரிக்கிறாள்.

“இதக் காட்டுனா டாக்டர் ஒங்களத்தான் அட்மிட் பண்ணுவாரு” என்கிறாள் செல்வராணி.

ஜூன் 16, ஞாயிறு

என் கருப்பட்டிக் கடைக்குப் பக்கத்துப் பாத்திரக்கடை ஆவுடையப்பன் அண்ணாச்சி: “ஏலே, பிள்ள பராக்குப் பாக்குது. இதுக்குப் போயி மூளை டாக்டரா?”

ப்ரியா கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். வீட்டுக்கு வந்ததும், “தலையத் தொறப்பாங்களாப்பா?”

“தொறந்து, எட்டாம் வாய்ப்பாடு இருக்கான்னு பாப்பாங்க.”

சிரித்தாள். நான்தான் சாப்பாட்டை அளைந்துகொண்டிருந்தேன். — தொறப்பாங்களோ?

ஜூன் 19, புதன்

ஆஸ்பத்திரியிலிருந்து போன். மூளைக்கு ஒரு டெஸ்டாம். ஷாம்பூ போட்டுக் குளிப்பாட்டணும், தலையில் துளி எண்ணெய் இருக்கக் கூடாது. செல்வராணி லீவு சொல்லிவிட்டு வந்து குளிப்பாட்டினாள். எண்ணெய் விஷயத்தை எனக்குத் தனியாக வேறு சொன்னாள். நான் என்ன பச்சைப்பிள்ளையா?

ஜூன் 20, வியாழன்

பச்சைப்பிள்ளைதான். அரைத்தூக்கத்தில் கை தன்பாட்டுக்கு எண்ணெய் தேய்த்துச் சடையும் போட்டுவிட்டது. செல்வராணி பை கட்டிக்கொண்டிருந்தாள். பஸ்ஸில் பிள்ளையின் தலை மடியில் சாய்ந்தபோதுதான் மோந்து பார்த்தாள். “அடப்பாவி மனுசா!” கண்டக்டரே திரும்பிப் பார்த்தார்.

டெஸ்ட் எடுக்கிற பிலோமி சிஸ்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, “அண்ணாச்சி, நான் வயர் ஒட்டணும். வட சுடப் போறதில்ல” என்றார். பாத்ரூமில் நானே தேய்த்துக் கழுவினேன்.

தலை நிறைய வயர். ஒரு காகிதக் காற்றாடியைக் கொடுத்து விடாமல் ஊதச் சொன்னார் சிஸ்டர். திரையில் பொடிப்பொடியாக ஓடிய கோடுகள் திடீரென்று எல்லாம் ஒன்றுபோல எழும்பி விழுந்தன. காற்றாடி சுற்றி ஓய்ந்து நின்றது. பிள்ளை இல்லை.

“மாம்பழம்” என்றார் சிஸ்டர் மெதுவாக.

கோடுகள் மறுபடி பொடிப்பொடியாக ஓடின. ப்ரியா விட்ட இடத்திலிருந்து ஊதினாள்.

“நான் என்ன சொன்னேன் பாப்பா?”

“நீங்க ஒண்ணும் சொல்லலியே.”

தினமும் நான் சீவிவிடுகிற தலை. அதற்குள் இவ்வளவு நடக்கிறது! மயிர்க்கூச்செறிந்து நின்றேன். செல்வராணி என் சட்டையை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

டாக்டர், “இதுவும் வலிப்புல ஒரு வகைதாங்க. தலையைத் திறக்கிற வேலையெல்லாம் இல்லை. மாத்திரையில நிறையப் பிள்ளைங்களுக்கு நின்னுருது. நிக்கிற வரைக்கும் தண்ணி, மாடி, ரோடு — எங்கயும் தனியா விடாதீங்க” என்றார்.

ஜூலை 2, செவ்வாய்

மாத்திரை போகிறது. இன்றும் ஒருதரம் வந்தது.

செப்டம்பர் 8, ஞாயிறு

வெகுநாளாக ஒன்றும் இல்லை. இன்று கடையில் சாக்குமேல் உட்கார்ந்து ப்ரியா தெருவையே வெறித்தாள். ஓடிப்போய் உலுக்கினேன். “ஏளா ப்ரியா!”

“சும்மா இருங்கப்பா. யோசிச்சிட்டுல்லா இருக்கேன்.”

“என்ன யோசன?”

“அது ஒங்ககிட்ட சொல்லுததில்ல.”

அப்போது பார்த்து ஒருத்தர் வாசலில் நின்று ஒரு கிலோ கருப்பட்டி கேட்டுக் கத்தினார்.

“கொஞ்சம் மெதுவா, அண்ணாச்சி” என்றேன். “பிள்ள யோசிக்குது.”