வேனில் ஏற மறுத்த பிள்ளை

அன்புள்ள என்னவருக்கு,

நீங்களும் பாப்பாவும் நலம்தானே? உங்கள் முதுகுவலி தேவலையா? நான் சுகமாக இருக்கிறேன், கவலை வேண்டாம்.

நான் துப்புரவு வேலை பார்க்கும் பள்ளியில் நேற்று ஒரு சம்பவம். பள்ளி விட்டதும் ஒன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி வேனில் ஏறாமல் கழிவறைக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். கதவுக்கு வெளியே உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தேன்.

"வேன் மாமா தொடக்கூடாத இடத்துல தொடுறாரு. வெளிய சொன்னா அடிப்பாராம். பெரியவங்க யார்கிட்டயாவது சொல்லணும்னு டீச்சர் சொல்லிக் குடுத்தாங்க. உங்ககிட்ட சொல்லலாமா?"

"சொல்லிட்டியே கண்ணு! உன்மேல தப்பே இல்ல."

கதவைத் திறந்து வெளியே வந்தாள். உடனே தலைமையாசிரியையிடம் கூட்டிப்போனேன். அவர் போலீசையும் தாயையும் அழைத்தார். அந்த ஆளைப் பிடித்துவிட்டார்கள். பிள்ளை அம்மாவிடம் பத்திரம்.

அப்போதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. டியூஷனுக்குப் போகமாட்டேன் என்று போனவாரம் நம் பாப்பா போனில் அழுதாளே? வெறும் சோம்பலாகத்தான் இருக்கும். இருந்தாலும் டிவியை அணைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, ஏன் போகமாட்டேன் என்கிறாள் என்று அதட்டாமல் கேளுங்கள். அதுவரை அங்கே அனுப்பாதீர்கள். யாராவது தப்பாகத் தொட்டால் கத்தலாம், ஓடிவரலாம், நம்மிடம் சொன்னால் திட்டமாட்டோம் என்று உங்கள் வாயாலேயே சொல்லுங்கள். போனில் பேசினால் அவளும் பக்கத்திலேயே நிற்பாள், அதனால்தான் எழுதுகிறேன்.

அவள் வாசனைக்கு ஏங்குகிறேன், அவளுடைய பழைய சட்டை ஒன்றைத் துவைக்காமல் அனுப்புவீர்களா?

ஊருக்கு வரும் தோழி கடிதத்துக்காக வாசலில் அவசரப்படுத்துகிறாள். பாப்பாவிடம் கேட்டதும் என்னைப் போனில் கூப்பிடுங்கள், வேலை நேரமானாலும் எடுப்பேன். பாப்பா என்ன சொன்னாலும் முதலில் நம்புங்கள்.

உங்கள் மனைவி