கடைசி இல்லாத மண்டபம்

18.1.65
மார்கழிப் புயல் எங்கள் பள்ளிக்கூடக் கொட்டிலை அள்ளி வாய்க்காலில் போட்டுவிட்டது. இன்று முதல் வட்ட மண்டபத்தில் பள்ளிக்கூடம். காடு வெட்டி இந்தக் குடியேற்றம் தொடங்கிய காலத்தில் கொழும்பு எஞ்சினியர் ஒருவர் கூட்டங்களுக்கென்று புதுமாதிரியாகக் கட்டியது. கவிழ்த்த சட்டி போல ஒரே கொங்கிறீட் கூரை. உள்ளே ஒரு தூண்கூட இல்லை. சுற்றிவர எட்டு வாசல். திறப்பு விழாவுக்குப் பிறகு ஆடுகளும் வௌவால்களும்தான் அங்கே கூடின. கூரையில் பாசி, நீளமாக ஒரு வெடிப்பு. ஆனால் புயலில் அசையாமல் நின்றது அது ஒன்றுதான்! காற்றுப் பிடிக்க அதில் மூலையே இல்லை என்றார் நாகேஸ்வரி ரீச்சர். நாள் முழுவதும் ஆட்டுப் புழுக்கை கூட்டினோம்.

19.1.65
இருக்கிற வாங்குப் பலகைகளை வரிசையாகப் போட்டால் வளைவில் இடிக்கிறது. சுவரை ஒட்டி வட்டமாகப் போடச் சொன்னார் ரீச்சர். கொட்டிலில் கமலாசனியும் தம்பிமாரும் கடைசி வாங்குக்கும் பின்னால், நிலத்தில் இருப்பார்கள். சாதி அப்படி. வாய்க்கால் வெட்ட வந்த ஆட்களின் பிள்ளைகள். இன்றும் அவர்கள் பின்னால் போகப் பார்த்தார்கள். நடந்து நடந்து, சுற்றி எங்களிடமே வந்துவிட்டார்கள். எல்லோரும் சிரித்தோம். ரீச்சர் சிரிக்கவில்லை. "இதிலை இரு பிள்ளை" என்று என் வாங்கைக் காட்டினார்.

பிறகு கேத்திரகணிதம். பரிதியிலுள்ள எந்தப் புள்ளியும் மையத்துக்குச் சம தூரம்.

"அப்ப நீயும் நானும் ஒரே தூரமடி" என்றாள் கமலாசனி என் காதில்.

கணக்கில் அவள்தான் முதல். இரண்டாம் தவணைச் சோதனையில் முதலாவதாக வருகிறவரின் பெயரைக் கிளிநொச்சிப் பெரிய பள்ளிக்கூடத்துக்கு ரீச்சர் எழுதிப் போடுவாராம். அது அவளாகத்தான் இருக்கும்.

8.2.65
"உன்ரை வாங்கிலை ஆர் இருக்கிறது?" என்று ஐயா கேட்டார். சொன்னேன். சோற்றைப் பாதியில் விட்டு எழும்பினார்.

14.2.65
மண்டபத்தில் குடியேற்ற விவசாயச் சங்கக் கூட்டம். தலைவர் என் பெரியப்பா, அப்புத்துரை. பெரியவர்கள் முன்வரிசை தேடிக் கதிரைகளைத் தூக்கிக்கொண்டு சுற்றிச் சுற்றி நடந்தார்கள்.

"இதிலை முன்னெது, பின்னெது?"

"கட்டினவனுக்குத் தெரிஞ்சாத்தானே!"

ரீச்சர் எழும்பினார். "பிள்ளையள் படிக்கத்தானே வாறவை—"

"படிக்கட்டும் ரீச்சர், ஆர் வேண்டாமெண்டது? கடைசி எண்டு ஒண்டு இருக்கவேணும். கமலாசனி எண்டு பேர் வைச்சதுக்காகத் தாமரையிலையோ இருத்திறது?" என்றார் பெரியப்பா.

எல்லோரும் சிரித்தார்கள். கூரை அந்தச் சிரிப்பை வாங்கித் திருப்பித் தந்தது, இரண்டு மடங்காக.

வாசலடியைக் கடைசி என்று வைக்கலாம் என்றார் ஒருவர். வாசல் எட்டு இருக்கிறதே? அப்போதுதான் ஒரு குரல்: "அப்ப ஏழை அடைப்பம்."

என் ஐயாவின் குரல்.

1.3.65
ஏழு வாசலுக்கும் கல் வைத்துப் பூசியாயிற்று. கமலாசனி மிஞ்சிய வாசலடியில், நிலத்தில். மையத்துக்கு இன்னும் அதே தூரம்தான். யார் அளக்கப் போகிறார்கள்?

17.3.65
மூச்சு முட்டுகிறது. காலையில் ஏறிய வெயிலைக் கொங்கிறீட் பின்னேரம்வரை எங்கள் தலையில் இறக்குகிறது. பெரியப்பாவின் மகள் விமலேஸ்வரி சத்தி எடுத்தாள். கமலாசனிக்கு மட்டும் வாசல் காற்று.

"உங்கடை ஐயாவுக்குச் சொல்லடி, நல்ல இடம் பாத்துத் தந்திருக்கிறார் எண்டு!" என்றாள் அவள் என்னிடம்.

சிரித்தேன். விமலேஸ்வரி சிரிக்கவில்லை.

19.3.65
பெரியப்பா வந்தார். "காத்து வாற இடம் இவைக்கோ?"

இனி வாசலடிதான் முதல். எதிர்ச்சுவர் கடைசி. என் வாங்கு வாசலடிக்கு வந்துவிட்டது. நல்ல காற்று. நல்ல காற்றுத்தான்—

6.4.65
கமலாசனி விழுந்துவிட்டாள். கரும்பலகையில் கணக்குச் செய்துகொண்டிருந்தவள், வெண்கட்டியோடு அப்படியே.

"ஆராவது தண்ணி தாங்கோ!" ரீச்சர் கத்தினார்.

குடம் நிறையத் தண்ணீர். குடிக்கிற பேணி ஒன்றே ஒன்று, எங்களுடையது. எல்லோரும் பேணியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் எழும்பினேன். விமலேஸ்வரி என் பாவாடையைப் பிடித்து இழுத்தாள்.

"விசரே உனக்கு? பிறகு நாங்கள் எதிலை குடிக்கிறது?"

இருந்துவிட்டேன். ரீச்சர் குடத்துக்குள் கையை விட்டு அள்ளி அவள் முகத்தில் அடித்து, முகத்தைத் தடவிய கையாலேயே மறுபடி அள்ளினார். வீட்டுக்குப் போகும்வரை அந்தக் குடத்தில் ஒருவரும் குடிக்கவில்லை.

7.4.65
கமலாசனி வரவில்லை. தம்பிமாரும் வரவில்லை.

3.5.65
ரீச்சரை மாற்றிவிட்டார்கள். மன்னார்ப் பக்கமாம். சங்கம் மேலிடத்துக்கு எழுதிப் போட்ட பெட்டிசம்.

14.6.65
புதுக் கொட்டில் முடிந்தது. நீளமாக, நாலு மூலையோடு. எது முன், எது பின் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். பின்னால் நிலம் சும்மா கிடக்கிறது. இருக்க யாரும் வரவில்லை.

மண்டபம் இப்போது சங்கத்தின் நெல் களஞ்சியம். ஒரே வாசல், ஒரே பூட்டு. எலிக்கு வழியில்லை.

"இப்பதான் எஞ்சினியர்ரை மூளை விளங்குது" என்கிறார் பெரியப்பா.

4.9.65
சிறுபோக நெல் ஏற்றிக்கொண்டு ஐயாவோடு வண்டிலில் போனேன். உள்ளே மூட்டைகளைச் சுவரோடு வட்டமாக அடுக்கியிருந்தார்கள். கமலாசனி குனிந்து, சிந்திய நெல்லைக் கூட்டிக்கொண்டிருந்தாள். தலைமயிரெல்லாம் தூசி. ஐந்து மாதத்துக்கு முன் அவளால் நிற்க முடியாத அந்த வெக்கைக்குள்.

கிளிநொச்சிக்குச் சங்கம் என் பெயரை எழுதிப் போட்டிருப்பதை அவளிடம் சொல்லவில்லை. "கமலா, என்ரை கணக்குப் புத்தகம் கொண்டரட்டே?" என்று மட்டும் கேட்டேன்.

விளக்குமாற்றை நிறுத்தாமலே சொன்னாள்: "தள்ளி நில்லுங்கோ நாச்சியார். தூசி படும்."

"நல்ல பழக்கவழக்கம் தெரிஞ்ச பிள்ளை" என்றார் ஐயா.

தள்ளி நின்றேன்.