நூடில்ஸ் கோப்பையில் கடல் தண்ணீர்

பாலாவி,
திங்கட்கிழமை

அன்பு மகன் ஃபஸ்லானுக்கு வாப்பா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் உன்னைத் தன் காவலில் வைத்திருக்கட்டும். நாங்கள் இங்கே சுகம் என்று அடுத்த வரியில் எழுதுவதுதான் வழக்கம், இந்தக் கடிதத்தில் அதை எழுதாமல் விடுகிறேன், காரணம் கீழே வரும். போனில் சொன்னால் நீ சிரித்துச் சிரித்தே கதையை மாற்றிவிடுவாய். அதனால்தான் வியாழக்கிழமை கட்டார் வரும் பாயிஸிடம் இதைக் கொடுத்து விடுகிறேன். உட்கார்ந்து வாசி. வாசித்து முடிக்கும்வரை நூடில்ஸுக்குத் தண்ணீர் வைக்காதே.

உன் அறைக் கூட்டாளி இனாஸ், கனமூலையில் இருக்கும் தன் உம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான், அவர் போன புதன்கிழமை பஸ் ஏறி வந்து நம் வீட்டில் சொல்லிவிட்டுப் போனார். கிரேனின் மேலே இருக்கும்போது தலை சுற்றி, ஏணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இறங்கினாயாம். கம்பனி டொக்டர் பார்த்தபோது பிரஷர் நூற்று எண்பதாம். இருபத்திரண்டாம் திகதி மறுபடி பார்ப்பார்களாம், அன்றைக்கும் குறையாவிட்டால் உன்னைத் திருப்பி அனுப்பிவிடுவார்களாம். இவ்வளவும் நடந்த அன்றைக்குத்தான் நீ எங்களோடு கதைத்து, "எல்லாம் நல்லாத்தான் ஈக்கி வாப்பா" என்றாய். எனக்கு வந்தது கோபமா பயமா என்று இன்னும் பிடிபடவில்லை. வேலை போனால் போகட்டும். நாற்பது மீற்றர் உயரத்தில் கண் இருண்டால் என்ன ஆகும் என்று நினைத்து நினைத்து ஐந்து நாளாக நான் ஒழுங்காகத் தூங்கவில்லை.

இனாஸ் இன்னொன்றும் சொன்னானாம். ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து வந்து இரண்டு பக்கற் நூடில்ஸ், தூள் இரண்டும் முழுதாக, தண்ணீர் கொஞ்சம், அதற்கு மேல் உம்மா அனுப்பிய கருவாடும் தேசிக்காய் ஊறுகாயும். அதே மாதிரி நூடில்ஸை நான் கடையில் வாங்கி வந்து உம்மாவைச் செய்யச் சொன்னேன். தின்று பார்த்துவிட்டு, இதில் உப்பே இல்லையே, பிள்ளையின் மேல் வீண் பழி என்றேன். உம்மா ஒரு வாய் வைத்ததும் துப்பிவிட்டார். "உங்கட நாக்கு உப்பளத்தில ஊறின நாக்கு, அது சாட்சிக்கு ஆகாது" என்றார். முப்பத்தொரு வருஷம் உப்பளத்தில் நின்றவனைப் பார்த்து இப்படி ஒரு பேச்சு! ரோசம் வந்து, பாத்தித் தண்ணீரில் உப்பு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்கும் கண்ணாடி மானியைக் கங்காணியிடம் கேட்டு வாங்கி வந்தேன். நீயும் சின்னதில் பார்த்திருக்கிறாய், தண்ணீரில் மிதக்கும், உப்புக் கூடக்கூட மேலே எழும்பும். ஒரு கோப்பைத் தண்ணீரில் ஒரு தூளைக் கரைத்து, ஆறவைத்து, வடித்து, உயரமான கிளாசில் ஊற்றி மானியை விட்டேன். மூன்று டிகிரி காட்டியது. நம்பாமல் இரண்டாம் தரமும் பார்த்தேன், மூன்றுதான். கடலிலிருந்து எடுக்கும் தண்ணீர் மூன்று டிகிரி மகன். அதில் நீ இரண்டு தூளைப் போட்டுக் குடித்துக்கொண்டிருக்கிறாய்.

நூடில்ஸையே விடு என்று சொல்லமாட்டேன், பன்னிரண்டு மணித்தியாலம் வேலை செய்துவிட்டு வருகிறவன் சோறு கறி ஆக்கமாட்டான் என்று எனக்கும் தெரியும். உம்மாவும் நானும் மூன்று நாளாகச் செய்து பார்த்ததைச் சொல்கிறேன், அப்படியே செய். ஒரு பக்கற் போதும். அவித்த தண்ணீரை வடித்து ஊற்றிவிடு, அதிலும் உப்பு இறங்கியிருக்கும். தூளில் கால்வாசிதான், மிச்சத்தைக் குப்பையில் போடு, வைத்திருந்தால் நாளைக்குக் கை போகும். இரண்டு பல்லு உள்ளியும் வெங்காயமும் கறிவேப்பிலையும் கொஞ்ச எண்ணெயில் வதக்கி, கோவா இலையும் கரட்டும் மெல்லிசாக அரிந்து போட்டு, ஒரு முட்டையை உடைத்து ஊற்றிக் கிளறி, நூடில்ஸை அதில் கொட்டு. இறக்கிய பிறகு மிளகுத்தூளும் தேசிக்காய்ப் புளியும். புளியும் உறைப்பும் இருந்தால் நாக்கு உப்பைத் தேடாது, இது உம்மாவின் கண்டுபிடிப்பு. முதல் நாள் எனக்கு அது வைக்கோல் தின்கிற மாதிரி இருந்தது, மூன்றாம் நாள்தான் முட்டையின் ருசியும் கோவாவின் ருசியும் வேறு வேறாகத் தெரிந்தது. இந்தப் பார்சலில் கருவாடும் ஊறுகாயும் இருக்காது. கட்டிய பெட்டியைப் பிரித்து உம்மாவே வெளியே எடுத்தார், ஆறு வருஷமாக ஆசையாக அனுப்பியது பிள்ளைக்கே கேடாகிவிட்டதே என்று அழுதார். அதற்குப் பதிலாக உப்புப் போடாமல் காயவைத்த கூனி இறாலும் முருங்கையிலைத் தூளும் வைத்திருக்கிறார், நூடில்ஸில் ஒவ்வொரு கரண்டி போடு. இன்னொன்று, டொக்டர் தந்த குளிசையைத் தலையிடித்தால் மட்டும் போடுகிறாயாம். பிரஷர் குளிசை தலையிடிக் குளிசை இல்லை, அதை நாள் தவறாமல் போடவேண்டும்.

இதுவரை எழுதியதை உம்மா எடுத்து வாசித்தார். எழும்பிப் போய், அலுமாரியில் என் சாரன்களுக்குக் கீழே இருந்த பையை எடுத்து வந்து இந்தக் கடிதத்தின் மேல் வைத்தார். கிளினிக்கில் எனக்குத் தந்த பிரஷர் குளிசை, மூன்று மாதத்துக்குரியது, ஒன்றுகூடப் பிரிக்கவில்லை. "இதையும் மகனுக்கு எழுதுங்க" என்றார். இந்தப் பை அங்கே இருப்பது எப்போதிருந்து தெரியும் என்று கேட்டேன். "மொத நாளே தெரியும், நீங்களாச் சொல்லுவீங்கண்டு பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றார். ஆகவே எழுதுகிறேன். எனக்கும் நூற்று எழுபது. உனக்குத் தெரிந்தால் வேலையை விட்டுவிட்டு ஓடி வருவாய் என்று உம்மாவிடமும் சொல்லாமல் மறைத்தேன். காரணம் சொல்லாமல் உம்மா எனக்காகக் குறைத்துச் சமைத்த கறியில் உப்பில்லை என்று சண்டை பிடித்து, மேலே அள்ளித் தூவியும் தின்றேன். நீ மறைத்தாய் என்று உன்னை ஏசுவதற்குப் பேனை எடுத்தவன் நான். வெட்கமாக இருக்கிறது.

இருபத்திரண்டாம் திகதி நீ அங்கே கையை நீட்டும்போது நானும் இங்கே கிளினிக்கில் கையை நீட்டுவேன். உன் பிரஷர் கணக்கை உள்ளபடி அனுப்பு, என்னுடையதை நானும் உள்ளபடி அனுப்புகிறேன். குறையாவிட்டாலும் ஒளிக்காதே, வீட்டுக்கு வா, கதவு திறந்துதான் இருக்கிறது. அதுவரை தலை லேசாகச் சுற்றினாலும் அந்த ஏணியில் கால் வைக்காதே. அல்லாஹ் உனக்கு நல்ல சுகத்தையும் ஆயுளில் பரக்கத்தையும் தரட்டும், ஒவ்வொரு தொழுகையிலும் துஆக் கேட்கிறோம். கால்வாசித் தூள், நாளுக்கு ஒரு குளிசை, இரண்டையும் மறந்துவிடாதே. என் முதல் குளிசையை உம்மா பார்த்துக்கொண்டிருக்க இப்போதுதான் விழுங்கினேன். மேலே எழுதாமல் விட்ட அந்த ஒரு வரியை, இரண்டு கணக்கும் வந்த பிறகு, உண்மையாக இருந்தால் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
உன் வாப்பா
இஸ்ஸதீன்