சொல்லிட்டு விடணும்

செப்டம்பர் 28, ஞாயிறு

இன்று சின்னச் சைக்கிளின் சைடு சக்கரத்தைக் கழற்றிவிட்டான் அருள்பாண்டி. நான் வேண்டாம் என்றேன். எட்டு வயசுப் பிள்ளை ரெண்டு குட்டிச் சக்கரத்தோடு ஓட்டினால் யாருக்கு என்ன நட்டம்? என் மகன் என்றைக்கு என் பேச்சைக் கேட்டான். நாளைக்கு மலைக்குப் போகிறான். எஸ்டேட் ஸ்டோரில் ஏலக்காய் உலர்த்துகிற வேலை. போனால் தீபாவளிக்குத்தான் ராசிங்காபுரம் திரும்புவான். அதற்குள் மகள் ஓட்டுவதைப் பார்த்துவிட வேண்டுமாம்.

முத்துப்பிரியா ஏறி உட்கார்ந்ததில் இருந்து ஒரே பேச்சு. "விட்டுறாதீகப்பா." "விடலடா, பிடிச்சிருக்கேன்." "பிடிச்சிருக்கீகளா?" "பிடிச்சிருக்கேன், நீ முன்னாடி பாரு."

பிடிக்கவில்லை. நான் வாசலில் நின்று பார்த்தேன். அவன் கை எப்போதோ சீட்டை விட்டுவிட்டது. குரல் மட்டும் பின்னால் ஓடியது. பிள்ளை திரும்பிப் பார்த்தாள். வெறுங்கையைப் பார்த்தாள். அப்படியே போய்க் குழாயடிக் கல்லில் விழுந்தாள். முன்பல் பாதி போயிருச்சு. வாயெல்லாம் ரத்தம்.

பொய் சொல்லித்தான் எல்லாரும் சைக்கிள் பழக்குகிறார்கள். இவனுக்கும் அப்படித்தான் பழக்கினார்கள். ஆனால் பிள்ளை ஒரு சொட்டு அழவில்லை. அப்பனை ஒரு பார்வை பார்த்தாள். எனக்குத் தெரிந்த பார்வை. கண்ணாடியில் பார்த்திருக்கிறேன்.

செப்டம்பர் 29, திங்கள்

வெள்ளனவே ஜீப்பு வந்துவிட்டது. மலை ஏறுகிறவர் போயிட்டு வர்றேன் என்று சொல்ல, வீட்டில் இருப்பவர்கள் போயிட்டு வா என்று சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் இது தவறியதே இல்லை. நான் சொன்னேன். மருமகள் சிவரஞ்சனி சொன்னாள். முத்துப்பிரியா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

அவன் செருப்பை மாட்டுவதும் கழற்றுவதுமாக நின்றான். "பாப்பா, போயிட்டு வர்றேன்டா." அவள் திரும்பவில்லை. ஜீப்புக்காரன் ஆரன் அடித்துக்கொண்டே இருந்தான். போய்விட்டான்.

ஜீப்பு மலை ரோட்டில் எந்த வளைவில் இருக்கும் என்று பொழுதுக்கும் எண்ணிக்கொண்டிருந்தேன்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. அரிவாள்மனை, மண்வெட்டி எல்லாவற்றையும் கழுவிப் பொட்டு வைத்தோம். அவளும் சைக்கிளைக் கழுவி, தானே சந்தனம் பூசினாள். ஏறவில்லை.

அக்டோபர் 5, ஞாயிறு

போன் வந்தது. பாப்பாவிடம் கொடு என்கிறான். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

அப்பா பாவம்டி என்றேன். "நீ மட்டும் காசித் தாத்தாவோட பேசுறியா?" என்றாள். அது வேற என்றேன். "அவரும் பொய்தான சொன்னாரு."

நான்தான் அவளுக்கு அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி வளர்த்தேன்.

காசிமாயன் என் கூடப் பிறந்த தம்பி. அடுத்த தெருவில்தான் இருக்கிறான். என் வீட்டுக்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தது ஆடி மாசம், ஒரு செவ்வாய்க்கிழமை. மொச்சை வெந்த அடுப்புகூட அணையவில்லை. பிறந்த வீட்டுக் கோடித்துணியைத் தம்பிதான் கொண்டுவந்து போட வேண்டும். இவன் தேவாரம் தோட்டத்தில் இருந்தான். "வந்துர்றேன்க்கா, எடுத்துறாதீங்க" என்று போனில் சொன்னான். பொழுது சாயும்வரை போட்டு வைத்திருந்தோம். ஊர் என்னைப் பார்த்தது. கடைசியில் கோடித்துணி ஒரு ஜீப்புக்காரன் கையில் வந்தது. மறுநாள் வந்து, யானை மறிச்சிருச்சு என்றான். அன்று அந்த வழியாக வந்த பஸ்சையெல்லாம் விட்ட யானை இவனை மட்டும் மறித்ததாக்கும். அன்றிலிருந்து அவனோடு பேச்சில்லை. பன்னிரண்டு வருசம்.

என் கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. ஆனால் அது தம்பி மேல் வைத்தது. அப்பன் மேல் வைத்தால் பிள்ளைக்குத் தாங்குமா? அப்படியே இறுகிப் போய்விட்டால்?

எப்போதுதான் அப்பாவோடு பேசுவாய் என்று கேட்டேன். "யாரும் பிடிக்காம ஓட்டிக் காட்டுவேன்ல, அப்பப் பேசுவேன்."

தீபாவளிக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கிறது.

அக்டோபர் 9, வியாழன்

நானே பிடித்தேன். விடும்போது சொல்லிட்டுத்தான் விடணும் என்றாள். சரி என்றேன். நாலு வீடு தாண்டவில்லை, முழங்கால் பிடித்துக்கொண்டது. விடுறேன் என்று சொல்ல மூச்சு வேண்டுமே? அவளும் நானும் ஒன்றாகச் சாய்ந்தோம். பின்னால் மக்காச்சோள லோடு லாரி. பிரேக் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. டிரைவர், "கெழவிக்கு இந்த வயசுல சைக்கிள் கேக்குதோ" என்றான். அவன் மூஞ்சியை ஞாபகம் வைத்திருக்கிறேன்.

இந்தத் தெரு ஆகாது. வண்டி வராத இடம் வேண்டும், சமதளமாக. அப்படி ஒரு இடம்தான் இந்த ஊரில் இருக்கிறது. காசிமாயன் களம்.

அதற்குச் சாகலாம்.

அக்டோபர் 11, சனி

போனேன்.

கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டு, "களத்தைக் கேட்டு வந்திருக்கேன். உன்னையக் கேட்டு வரல" என்றேன். மக்காச்சோளத்தைத் தள்ளிக்கொண்டிருந்தவன் பலகையைக் கீழே போட்டான். தலை முழுக்க நரைத்துவிட்டது அவனுக்கு. தெருவில் பார்க்கும்போதெல்லாம் நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வதால் தெரியவில்லை.

விசயத்தைச் சொன்னேன். "பிள்ளைக்குப் பொய் ஆகாது. சொல்லிட்டு விடணும். முடியுமா உன்னால?"

அவன் என்னைப் பார்க்காமல் கேட்டைத் திறந்தான். "நாளைக்குக் கொண்டாக்கா."

அக்டோபர் 12, ஞாயிறு

களத்தில் பாதியைக் கூட்டி வைத்திருந்தான். நான் உள்ளே போகவில்லை. கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

காசிமாயன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினான். "விடப் போறேன் தாயி." "வேணாம், இன்னும் கொஞ்சம்." "சரி, பிடிச்சிருக்கேன்." பிடித்துத்தான் இருந்தான். நான் அவன் கையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. சுற்றிச் சுற்றி வந்தார்கள். அவனுக்கு இளைப்பு வாங்கியது. ஒரு சுற்றில் அவளே, "ம்" என்றாள்.

"விட்டுட்டேன்."

சைக்கிள் வெட்டி வெட்டிப் போயிற்று. அப்புறம் நேரானது. களத்தின் அந்த முனை வரை போய், திரும்பத் தெரியாமல் மக்காச்சோளக் குவியலில் ஏறி விழுந்தாள். கிடந்துகொண்டே பாதிப் பல்லைக் காட்டிச் சிரித்தாள்.

தண்ணீர் குடிக்கும்போதுதான் அது நடந்தது. நான் பன்னிரண்டு வருசமாக வாயைத் திறந்து கேட்காததை அவள் கேட்டாள்.

"தாத்தா, நெசமாவே யானை வந்துச்சா?"

காசிமாயன் சொம்பைக் கீழே வைத்தான். என்னைப் பார்த்தான். பொய் ஆகாது என்று நேற்றுத்தான் நான் சொல்லியிருந்தேன்.

"யானை வரல தாயி. தேவாரம் பஸ் ஸ்டாண்டுல கோடிய மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். ஒவ்வொரு பஸ்சா வந்துச்சு, போச்சு. மச்சான் மூஞ்சிய அப்படிப் பாக்க எனக்குத் தெம்பில்ல. ஏறவே முடியல."

நான் சொன்னதுதான் சரி. யானை வரவில்லை. ஊரே யானை என்றபோது நான் ஒருத்திதான் இல்லை என்றேன். ஜெயித்துவிட்டேன் என்று சந்தோசப்படப் பார்த்தேன். வரவில்லை. அந்தப் பஸ் ஸ்டாண்டு பெஞ்சுதான் கண்ணுக்குள் நிற்கிறது.

பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

சைக்கிளைத் திருப்பவும் பழகிவிட்டாள். போனில் சொல்லலாமே என்றேன். கண்ணால் பார்க்கணுமாம் அப்பா.

அக்டோபர் 18, சனி

முந்தாநாளில் இருந்து மழை. மலை இருக்கிற இடமே தெரியவில்லை. மலை ரோட்டில் மண் சரிந்து பாதையை மறித்துவிட்டது என்கிறார்கள். ஒரு ஜீப்பு மாட்டிக்கொண்டது என்று ஒருவர், இரண்டு என்று ஒருவர். யாருடையது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அருள்பாண்டி இன்று இறங்குவதாகத்தான் சொல்லியிருந்தான்.

போன் எடுக்கவில்லை. சிவரஞ்சனி அடித்து அடித்துப் பார்க்கிறாள். சுவிட்ச் ஆப்.

முத்துப்பிரியா சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நனைந்தபடி வாசலில் நிற்கிறாள். "அப்பத்தா, போயிட்டு வாங்கன்னு இப்பச் சொன்னாச் செல்லுமா?"

செல்லும் என்று சொல்ல நாக்கு வரை வந்தது. அதுவும் பொய்யாகப் போய்விட்டால்?

"தெரியல தாயி" என்றேன். "சொல்லி வையி."

மலைப் பக்கம் பார்த்துச் சொன்னாள். சத்தமாக இல்லை.

காசிமாயன் குடை பிடித்துக்கொண்டு வந்தான். மலையடிவாரத்து முந்தல் வரை போய் விசாரித்துவிட்டு வருகிறேன் என்று எனக்குச் சொல்லாமல் சிவரஞ்சனியிடம் சொல்லிவிட்டுப் போனான்.

அக்டோபர் 19, ஞாயிறு

வந்துட்டான். வந்துட்டான்.

கம்பம்மெட்டு மலைப் பாதை வழியாகச் சுற்றி, ஒரு காய்கறி லாரியில் ஏறி வந்திருக்கிறான். போனில் தண்ணீர் போய்விட்டதாம். மாட்டிய ஜீப்பில் இருந்தவர்களும் இறங்கித் தப்பிவிட்டார்களாம். அவனைப் பார்த்ததும் வாயில் வந்த வசவையெல்லாம் வைதேன்.

முத்துப்பிரியா சைக்கிளை எடுத்தாள். அவன் பழக்கத்தில் சீட்டைப் பிடிக்கப் போனான். "தொடாதீக" என்றாள். மழை விட்ட தெருவில் கோயில் வரை போனாள், திரும்பினாள், வந்து அவன் முன்னால் காலை ஊன்றி நின்றாள்.

"இனிமே விட்டா, சொல்லிட்டு விடணும்."

"சரிடா."

"சொல்லாம விட்டா?"

"விட மாட்டேன்டா" என்றவன் அங்கேயே குத்த வைத்து உட்கார்ந்துவிட்டான். பிள்ளை நனைந்திருந்த அவன் தலையைத் துண்டால் துவட்டினாள்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. அதிரசம் இந்த வருசம் கல்லு மாதிரி. ஒரு தூக்குவாளியில் போட்டு முத்துப்பிரியா சைக்கிளில் மாட்டி, அடுத்த தெருவுக்கு அனுப்பினேன். வாளி திரும்பி வரும்போது முறுக்கு இருந்தது. உப்பு கொஞ்சம் கூடுதல்.

அக்டோபர் 23, வியாழன்

பாதையைத் திறந்துவிட்டார்கள். அருள்பாண்டி கிளம்பினான். முத்துப்பிரியா வாசலில் சொன்னது போதாதென்று ஜீப்புக்குப் பின்னாலேயே மெயின் ரோடு முக்கு வரை ஓட்டிப் போய், "போயிட்டு வாங்கப்பா" என்று கத்திவிட்டு வந்தாள்.

அவள் திரும்பி வருகிற வரை நான் வெளியிலேயே நின்றேன். அப்போது காசிமாயன் பையோடு வந்தான். தோட்டத்துக்குப் போகிறானாம். தாண்டிப் போனவன் நின்று, திரும்பி, தரையைப் பார்த்துச் சொன்னான்.

"தேவாரம் போயிட்டு வர்றேன்க்கா."

"போயிட்டு வா" என்றேன். "யானை மறிச்சா போன் பண்ணு."