நானும் அவுட் ஆனேன், மதினி

என் பாசக்கார மதினிக்கு,

அண்ணன் நன்றாக இருக்கிறார். அவரே சமைக்கிறார், உப்புப் போடத்தான் மறந்துபோகிறார். நீங்கள் உங்கள் அம்மா வீட்டுக்குப் போனதிலிருந்து நம் கபடிப் பிள்ளைகளுக்கு நான்தான் கோச். நினைத்தாலே உங்களுக்குச் சிரிப்பு வருகிறதா?

ஞாயிற்றுக்கிழமை நிலக்கோட்டையில் மேட்ச். பாதி ஆட்டத்தில் நம் காவியா ரெய்டு போய், யாரையும் தொடாமலே பக்கக் கோட்டைத் தாண்டி மிதித்து அவுட் ஆனாள். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? "கண்ண எங்கடி வச்சிருக்க?" என்று மைதானமே திரும்பிப் பார்க்கக் கத்திவிட்டேன். மறுபடி உள்ளே போன பிள்ளை ஆடவே இல்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். தோற்றோம். வேனில் ஏறும்போது, "இனிமே நான் வரலக்கா" என்றாள்.

நீங்களாக இருந்தால் தப்பு செய்துவிட்டு வரும் பிள்ளையிடம், "ஏ புள்ள, வீட்ல இன்னைக்கி என்ன வெஞ்சனம்?" என்று கேட்பீர்கள். கத்திரிக்காயா, புடலங்காயா என்று அவள் யோசிப்பதற்குள் பாதி அழுகை போய்விடும். நானும் வேனில் கேட்டுப் பார்த்தேன். "பேசாம வாங்கக்கா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நீங்கள் ஒருநாளும் திட்டியதில்லை. திட்டித் தீர்த்த பிறகு என்ன செய்ய வேண்டும் என்று யாரிடம் கேட்பேன்?

மறுநாள் அவள் வீட்டுக்கே போனேன். "நாளைக்கி ஒருநாள் மட்டும் வாத்தா" என்று கெஞ்சினேன். வந்தாள். எல்லோர் முன்னாலும் சொன்னேன்: "காவியா கோட்டத்தான் மிதிச்சா. ஆட்டத்தக் கெடுத்தது நானு. அதனால நான் அவுட்டு."

சொல்லிவிட்டு அவள் அணியில் அவுட் ஆன ஒருத்தியாகக் கோட்டுக்கு வெளியே போய் உட்கார்ந்தேன். பிள்ளைகள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். பயிற்சி தொடங்கியது. அவுட் ஆனவள் தானாக உள்ளே வர முடியாதே, தன் அணியில் ஒருத்தி பாயிண்ட் எடுத்தால்தானே வர முடியும்? காவியா ரெய்டுக்குப் போகவே இல்லை.

செத்த நேரம் கழித்து முடியை இறுக்கி முடிந்தாள். கபடி பாடிக்கொண்டே போனாள். ஒருத்தியைத் தொட்டுவிட்டு ஓடி வந்தாள். மூச்சு வாங்க என் பக்கம் திரும்பி, "அக்கா, எந்திரிச்சு உள்ள வாங்க" என்றாள்.

அழுதுவிட்டேன் மதினி, வெட்கமே இல்லாமல்.

இனிமேல் கத்தவே மாட்டேன் என்று சொன்னால் நீங்களே நம்ப மாட்டீர்கள். ஆனால் கத்திவிட்டால், அந்தப் பிள்ளை மறுபடி கோட்டுக்குள் போவதற்கு முன்பே அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிடுவேன். உங்கள் மேல் சத்தியம்.

உங்கள் வாயாடி நாத்தனார்,
செல்வி