கண்ணாடியில் பிழையில்லை, மகள்

மண்டூர்,
ஞாயிறு காலை.

அன்பு மகள் கம்சாயினிக்கு,

நீயும் மருமகன் சிவதர்ஷனும் அவுஸ்திரேலியாவில் பேர்த்தில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். இங்கே அம்மா முழுச் சுகம், நான் முக்கால் சுகம். போனில் சொன்னால் பாதியை விழுங்கிவிடுவேன், ஆகவே ஒழுங்காக எழுதுகிறேன், பக்கத்து வீட்டுச் சதீசன் இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்புவான். விடயம் நான்கு:

1. என் இடக்கண் ஓரத்தில் நடந்த சத்திரசிகிச்சை.
2. அதற்கு நீ அனுப்பிய மூக்குக்கண்ணாடி காரணமில்லை.
3. இனி அந்தக் கண்ணில் நீர் வடிந்தால் அது அழுகை இல்லை.
4. நீ லீவு போட்டு வரத் தேவையில்லை.

மூக்கும் இடக்கண்ணும் சேரும் மூலையில் ஒரு சின்னப் புண் இருந்தது, காயும், பொருக்கு உதிரும், மறுபடி வரும். உன் கண்ணாடி பதிகிற இடம் அதுதான், ஆகையால் கண்ணாடி உரசுகிறது என்று நினைத்துவிட்டேன். கழற்றி வைத்தால் ஏன் போடவில்லை என்று கேட்பாய், காரணம் சொன்னால் மனம் நோவாய். அதனால் உரசும் இடத்தில் நூல் சுற்றினேன், பிறகு பஞ்சு ஒட்டினேன், வீடியோவில் நீ வரும்போது வலப்பக்கம் மட்டும் தெரியத் திரும்பி இருந்தேன். இப்படிப் பதினாலு மாதம். நில அளவையாளன் புத்தி, சனிக்கிழமை தோறும் புண்ணை அளந்து கொப்பியில் எழுதினேன், மூன்று மில்லிமீற்றர் ஏழானது, பயம் வந்தது, ஆனாலும் போகவில்லை. அம்மா கொப்பியைக் கண்டுவிட்டார். புண்ணுக்கு வரைபடம் கீறத் தெரிஞ்ச மனிசனுக்கு மருந்துக்குப் போகத் தெரியல்ல, இனி மறுகா மகளுக்கு என்னால பொய் சொல்ல ஒண்ணா என்று ஏசிச் சதீசனின் ஓட்டோவில் என்னை ஏற்றித் தானும் ஏறினார்.

இது தோலில் வரும் புற்றுநோய், இந்த வகை உடம்பில் ஓடித் திரிவது குறைவு, ஆனால் விட்டால் கண்ணுக்குள் இறங்கும் என்றார் ஆஸ்பத்திரியில் டொக்டர் ஸாஹிர். கண்ணாடியால் வந்ததா என்று அம்மாவின் காதில் விழாமல் மெல்லக் கேட்டேன். அவர் சிரித்து, கண்ணாடியில ஏன் சேர் பழி போடுறீங்க, நாப்பது வருஷம் வயல் வட்டைக்குள்ள தொப்பியில்லாம நிலம் அளந்திருக்கீங்க, அந்த வெயிலக் கேளுங்க என்றார்.

செவ்வாய்க்கிழமை விறைக்க ஊசி போட்டு வெட்டினார்கள். சுற்றியிருந்த நல்ல தோலிலும் கொஞ்சம் எடுத்து, காதுக்குப் பின்னால் எடுத்த தோலை ஒட்டித் தைத்தார்கள். முழிப்பாகத்தான் இருந்தேன், பயத்தில் வாய்ப்பாடு சொன்னேன், பதின்மூன்றாம் வாய்ப்பாட்டில் பிழை விட்டபோது தாதி திருத்தினார். கண்ணீர் மூக்குக்கு இறங்கும் வழியும் வெட்டுப்பட்டது, அதனால்தான் கன்னத்தில் வடிகிறது. திரும்பி வரும்போது வாவியைக் கடக்கும் பாதைப் படகில் எல்லாரும் என் கண்கட்டைப் பார்த்தார்கள். சதீசன் சும்மா இருக்கவில்லை. நம்மட முருகன் கோயில் பூசகர் கப்புகனார் வாயைத் துணியால கட்டித்தான் பூசை செய்யிறார், நீங்க கண்ணைக் கட்டிப்போட்டீங்க, அடுத்த திருவிழாவுக்கு உங்களையும் கேப்பாங்க ஐயா என்றான். எனக்கும் சிரிப்பு வந்தது, தையல் இழுத்தது.

வெட்டிய துண்டின் ஓரம் நோயில்லாமல் சுத்தமா என்ற அறிக்கை பதினெட்டாம் தேதி வரும். சுத்தமென்றால் முடிந்தது. இல்லையென்றால் இன்னும் வெட்ட வேண்டும், எவ்வளவு என்று டொக்டர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பேர்த்தில் வெயில் கடுமை, இருவரும் தொப்பி போடுங்கள். ஆறாத புண் எது வந்தாலும் என்னைப்போல் அளந்துகொண்டிராமல் டொக்டரிடம் காட்டுங்கள். கண்ணாடியைக் கழுவி வைத்திருக்கிறேன், புண் ஆறியதும் போடுவேன். அம்மா அனுப்பிய கறித்தூள் கிடைத்ததா என்று மறக்காமல் சொல். மண்டூர் முருகன் உங்களுக்கு ஒரு குறையும் வைக்கமாட்டான்.

எழுதியதைத் திருப்பி வாசித்தேன். முதல் மூன்றும் சரி, நாலாவது பிழை. வரத் தேவையில்லை என்று எழுதும்போது நனைந்தது வலக்கண், அதில் கத்தி படவில்லை. பதினெட்டுக்கு முன் வர ஏலுமென்றால் வா, மகள்.

உன் அப்பா,
வினாயகமூர்த்தி