பேச்சிக்கு எட்டு அங்குலக் காற்று

மே 6, திங்கள்

விடியும்போதே புழுக்கம். ஏழு மணிக்கெல்லாம் கூரைத் தகரம் தொட்டால் சுடுகிறது.

பேச்சியை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து ஒரு வாரம் இருக்கும். இதயம் தளர்ந்துவிட்டது. கால் இரண்டும் வீக்கம். வெக்கை ஆகாது, ஏணி ஆகவே ஆகாது என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பினார். நம் வீடோ மாடி. கீழே துரையின் எம்பிராய்டரிப் பட்டறை. சந்திலிருந்து செங்குத்தாக இரும்பு ஏணி. மேலே ஒரே அறை, நாங்கள் இரண்டு பேர். அன்றைக்கு நாற்காலியில் கட்டி, சந்துப் பையன்கள் நாலு பேர் தூக்கி ஏற்றினார்கள்.

மகன் குமார் போன் பண்ணினான், நகரத்தின் அந்தக் கோடியில் இருக்கிற சான்பாடாவிலிருந்து. ஞாயிற்றுக்கிழமை டாக்ஸியோடு வருகிறானாம். அம்மாவைத் தன் ஃபிளாட்டுக்குக் கொண்டுபோகிறானாம், அங்கே ஏசி இருக்கிறதாம். இந்தத் தகரத்தடியில் வைத்துக் கொல்லப் பார்க்கிறீர்களா என்று கேட்டான். மகன் கேட்பது நியாயம்.

பேச்சி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். "அங்க எல்லாக் கதவும் பூட்டிக் கெடக்கும். பேச ஒரு சீவன் கெடையாது. நான் போமாட்டேன்."

கீழே பட்டறைக்குப் புது ஏசி. கம்ப்யூட்டர் மெஷின்களுக்குச் சூடு ஆகாது. காற்றுக் குழாய், அதாவது டக்ட், என் வேலை. சாயங்காலம் துரையே ஏணி ஏறி வந்தான். பேச்சி வேர்த்துக் கிடப்பதைப் பார்த்தான். "மாமா, அந்த டக்ட்ல ஒரு கிளைய மேல ஏத்தி அத்தைக்கு விட்டுருங்க" என்றான்.

அவன் இறங்கியதும் டேப்பை எடுத்து அறையை அளந்தேன்.

வாங்க வேண்டியது: வட்டக் குழாய், அதன் வாய்க்குக் கிரில் ஒன்று, ரிவெட், மேலே சுற்ற நுரைப் போர்வை. கால் வீக்க மாத்திரை. உப்பில்லா பிஸ்கட்.

மே 7, செவ்வாய்

நேற்றைவிட வெக்கை. காற்றே இல்லை.

ஏசி கம்பெனி எஞ்சினீயர் பெண்ணிடம் போனில் பேசினேன். பொறுமையான பிள்ளை. அறை நீளம், அகலம், உயரம் கேட்டது. கூரை தகரமா, எத்தனை பேர் இருப்பார்கள், கதவு மூடியிருக்குமா. மூடியிருக்கும் என்றேன். குழாய்க்கு எட்டு அங்குலம் என்றது. என் மனக்கணக்கும் எட்டுதான்.

குழாய் சிறுத்தால் காற்று சீறும். பெருத்தால் போகிற வழியிலேயே சோம்பி, வாய்க்கு வரும்போது உயிர் இருக்காது. முன்னே ஒரு சினிமா தியேட்டர் பால்கனிக்கு ஒரு சுற்றுச் சின்னதாகப் போட்டுவிட்டார்கள். படத்தில் யாரோ சாகக் கிடக்கிற கட்டம், தியேட்டரே அமைதி, மேலே உஸ்ஸென்று பாம்பு மாதிரி. சனம் படத்தை விட்டுக் கூரையைப் பார்த்தது. அந்தக் குழாய் கிழக்குச் சுவர், மூன்றாவது தூண். இன்னும் கண்ணில் நிற்கிறது.

பேச்சி ராத்திரி உட்கார்ந்தே தூங்கினாள். படுத்தால் மூச்சு முட்டுகிறது.

மே 8, புதன்

மாட்டியாயிற்று. பகல் பதினொன்றுக்கு ஏசி ஓடியது. கிரிலுக்கு நேரே ஊதுபத்தி பிடித்துப் பார்த்தேன். புகை மடங்கி, நேராகப் பேச்சியின் கால்மாட்டுக்குப் போனது. சீறல் இல்லை.

அவள் சேலைத் தலைப்பைக் கழுத்திலிருந்து விலக்கினாள். "நல்லாருக்கு" என்றாள். அவ்வளவுதான். தூங்கிவிட்டாள், படுத்தபடி. நான் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

குமாருக்குப் போன். ஞாயிறு வரட்டும், பார்க்கலாம் என்றான்.

மே 9, வியாழன்

வேலை தப்பாகிப்போனது. தப்பு என்னுடையது.

காலையில் குளிர்ச்சி. பத்து மணிக்குப் பக்கத்து வீட்டுச் செல்வி கைப்பிள்ளையோடு வந்தாள். பிறகு மீன்காரி. பிறகு எதிர்வீட்டு ஆச்சி. நம் சந்தில் பகலில் எவர் வீட்டுக் கதவு மூடியிருக்கிறது? வந்தவர்கள் கதவு நிலையில் சாய்ந்து நின்று பேசினார்கள். குளிர் முழுக்கச் சந்துக்குப் போய்விட்டது. மதியம் பேச்சியின் நெற்றியெல்லாம் வேர்வை, உதடு கறுத்துவிட்டது.

ஆயுசு முழுக்க நான் குழாய் போட்டது ஆபீஸுக்கும் பேங்குக்கும் ஓட்டலுக்கும். அங்கே கதவு தானே மூடிக்கொள்ளும். எஞ்சினீயர் பிள்ளை கதவைப் பற்றி ஒழுங்காகத்தான் கேட்டது. என் சொந்த வீட்டுக்கு நான் ஆபீஸ் கணக்குச் சொல்லியிருக்கிறேன்.

கதவைச் சாத்தப் போனேன். "பட்டப்பகல்ல சாத்தினா சனம் என்ன நெனைக்கும்? சண்டைன்னு நெனைக்கும். வாரவ திரும்பிப் போயிருவா" என்றாள். சாத்தவில்லை.

மே 10, வெள்ளி

கிளையைப் பத்து அங்குலமாக்கினேன். திறந்த கதவுக்கும் சேர்த்துக் காற்று. பேச்சிக்குச் சுகம், செல்வியின் பிள்ளைக்குக்கூடச் சுகம்.

ஆனால் மேலே போகிற காற்று கீழே திரும்புவதில்லை. அந்த இடத்தை நிரப்ப ஏசி வெளியிலிருந்து சுடு காற்றை இழுக்கிறது. மூன்று மணிக்குப் பட்டறையில் கடைசி மெஷின் சூடாகி நின்றது. அங்கே வேலை பார்க்கும் பீகார்ப் பெண் கையை விசிறிக் காட்டி, "ஹவா நஹி ஆத்தா, சாச்சா" என்றாள், காற்று வரவில்லையாம். துரை என்னைப் பார்த்தான். திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

பழையபடி எட்டு. கையில் தகரம் கிழித்துவிட்டது. மஞ்சள் வைத்தேன்.

மே 11, சனி

கதவைச் சாத்தினேன். கேட்காமல்.

அறை நன்றாகக் குளிர்ந்தது. மூச்சும் சீராக இருந்தது. செல்வி ஏணிப் பாதிவரை வந்து, கதவைப் பார்த்து இறங்கிப் போன சத்தம் கேட்டது. மீன்காரி கீழிருந்தே குரல் கொடுத்துவிட்டுப் போனாள். பேச்சி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். கஞ்சி வேண்டாம் என்றாள். மாத்திரை மட்டும்.

எனக்கு எழுத்து சொல்லிக்கொடுத்தவள் இவள். பள்ளிக்கூடம் பார்க்காத என் கையைப் பிடித்து, பால் கவரில் எழுதவைத்தாள். இன்று என் முகத்தைப் பார்க்கவில்லை.

சாயங்காலம் என் பக்கம் திரும்பினாள். "இதுக்கு சான்பாடாவே தேவலையே" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தைத்தது.

கொஞ்ச நேரம் கழித்து, கீழே பட்டறைக் கதவு சாத்தியிருக்குமா என்று கேட்டாள். ஏசி ஓடினால் சாத்தித்தான் இருக்கும் என்றேன். உள்ளே எத்தனை பெண்பிள்ளைகள் என்றாள். ஏழெட்டுப் பேர் என்றேன்.

"அப்ப என்னைக் கீழ எறக்கி விட்டுருங்க."

தினமும் ஏற்றி இறக்க முடியாது பேச்சி, இறங்கினால் இறங்கினதுதான் என்று சொன்னேன்.

"தெரியும். ஏத்த வேண்டாம்."

முப்பத்தெட்டு வருஷம் இந்த மாடியில். குமார் பிறந்தது இந்தத் தரைப் பலகைமேல். துரையிடம் போய்க் கேட்டேன். பாவாடைத் துணி அடுக்கியிருந்த மூலையைத் தானே ஒழித்துக் கொடுத்தான். ராத்திரிக்கும் ஏசி மெதுவாக ஓடட்டும் என்றான். கரண்டு ஆகுமே என்றேன். "அத்தைக்குத்தான மாமா" என்றான்.

மே 12, ஞாயிறு

வெக்கை, ஆனால் கடல் காற்று கொஞ்சம்.

காலையில் பேச்சியை இறக்கினோம். அதே நாற்காலி, அதே பையன்கள். நான் பின்னால் அவள் தலையணையோடு. நடு ஏணியில் நிறுத்தச் சொன்னாள். மூச்சுக்கு என்று நினைத்தேன். மேலே வீட்டை ஒரு தடவை பார்த்தாள். "ம், போங்க" என்றாள்.

துரைக்கு அவசர ஆர்டர், ஞாயிறும் வேலை. பெண்கள் மூலையில் போட்ட கட்டிலைச் சுற்றிக்கொண்டார்கள்.

குமார் வந்தான். டாக்ஸி மெயின் ரோட்டில் நின்றது. அம்மா பட்டறை மூலையில் கிடப்பதைப் பார்த்ததும் முகம் சிவந்துவிட்டது. ஊர் என்ன சொல்லும், மகன் இருக்கும்போது துணி மூட்டைக்கு நடுவில் போட்டிருக்கிறார்களே என்று என்னை ஏசினான். அவள்தான் அவன் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

"இங்க குளுருதுல்லா? மனுசாளும் இருக்கா. எனக்கு ரெண்டும் வேணும்ல."

அவன் தலைக்கு மேலே கிரில். நிமிர்ந்து பார்த்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தான். பிறகு எழுந்து போய் டாக்ஸியை அனுப்பிவிட்டு வந்தான்.

ராத்திரி அவள் கட்டிலுக்குக் கீழே என் பாய்.

மே 13, திங்கள்

பகலில் பெண்பிள்ளைகள் வேலை பார்க்கிற இடம், நான் அங்கே உட்காருவது சரியில்லை. மேலே வந்தேன். அறை பெரிசாகத் தெரிகிறது. அவள் சேலைகளை மடித்து வைத்தேன். கிழியாத நாலு, கிழிந்தது ரெண்டு. சீப்பு கீழே கொடுக்க வேண்டும்.

எட்டு அங்குலக் கிளை இனி எதற்கு? அந்தக் காற்று கீழே போனால் கடைசி மெஷின் பெண்ணுக்கு ஆகும். அதை அடைக்கத் தகடு வெட்டி, கிரிலைக் கழற்றினேன். மதியச் சாப்பாட்டு நேரம், மெஷின் ஓடவில்லை. தகட்டைக் குழாய் வாயில் வைக்கப் போகிறேன், குழாய்க்குள்ளிருந்து பேச்சியின் குரல். காதுக்குள் பேசுவதுபோல. யாரிடமோ சொல்லிக்கொண்டிருக்கிறாள்:

"சோத்த வடிச்சு வச்சாத்தான் திம்பாரு. இன்னைக்கு என்னத்தத் தின்னாரோ."

தகட்டைக் கீழே வைத்தேன். குழாயில் வாய் வைத்து, சாப்பிட்டேன் என்றேன். கீழே எல்லாப் பேச்சும் நின்றது. அப்புறம் பெண்கள் சிரித்தார்கள், அவளும்.

இன்னும் சாப்பிடவில்லை.